மெசோடின்ட் உருவப்படங்கள்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைக் கண்டறிதல்

18-ஆம் நூற்றாண்டு லண்டனில் அச்சான மெசோடின்ட் உருவப்படம் ஒன்றைக் கையில் வைத்திருக்கிறீர்கள், அல்லது வாங்கலாமா என்று யோசிக்கிறீர்கள். பார்த்தால் ஏதோ இடிக்கிறது. கருப்பு வெளிறியிருக்கிறது, ஓரம் குறைகிறது, தாள் பழுத்திருக்கிறது, கீழே எழுத்தைக் காணோம். ஒவ்வோர் அறிகுறிக்கும் பல காரணங்கள் உண்டு. சிலவற்றுக்கு மருந்து உண்டு, சிலவற்றோடு வாழப் பழகலாம், சிலவற்றைப் பார்த்ததும் படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். எது எதுவென்று பிரித்தறிவதற்கான வழிமுறை இது.

அதற்கு முன் இந்தப் படங்களை அச்சிட்ட செம்புத் தகட்டைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலான கோளாறுகளின் வேர் அங்கேதான் இருக்கிறது.

கோட்டுச் செதுக்கலில் வழவழப்பான தகட்டில் கோடு வெட்டி இருளை உண்டாக்குவார்கள். மெசோடின்ட் இதற்குத் தலைகீழ். ராக்கர் என்பது வளைந்த விளிம்பில் நுண்பற்கள் கொண்ட அகல உளி. பிரெஞ்சுக்காரர்கள் அதற்கு வைத்த பெயரே தொட்டில்தான். அதைச் செம்புத் தகட்டின்மேல் ஆட்டி ஆட்டிப் பல திசைகளில் ஓட்டி, தகடு முழுவதையும் சொரசொரப்பாக்குவார்கள். ஒவ்வொரு பல்லும் ஒரு குழியைத் தோண்டி, அதன் ஓரத்தில் ஒரு பிசிறை எழுப்பும். அந்த நிலையில் மை பூசி அச்சிட்டால் தாள் முழுக்க ஒரே கருப்பு. பிறகு சுரண்டியால் பிசிறைச் சீவச் சீவச் சாம்பல் நிறம் வரும். மெருகுக் கம்பியால் தேய்த்துச் சமமாக்கிய இடம் வெள்ளையாக அச்சாகும். 1642-இல் லுட்விக் ஃபான் ஸீகன் தொடங்கிவைத்த இந்த முறை இங்கிலாந்தில் ஓங்கி வளர்ந்தது. எண்ணெய் ஓவியத்தின் இருளையும் பட்டுத் துணியின் மினுக்கத்தையும் இதைப்போல் தாளில் கொண்டுவந்த வேறு கைமுறை அச்சு இல்லை.

ஆனால் மையைப் பிடித்து வைத்திருக்கும் அந்தப் பிசிறு மிக மென்மையானது. ஒவ்வொரு படியை அச்சிடவும் தகட்டைத் துணியாலும் உள்ளங்கையாலும் துடைக்கிறார்கள், உருளை அழுத்துகிறது. பிசிறு கொஞ்சம் கொஞ்சமாகப் படுத்துவிடுகிறது. செம்புத் தகட்டில் முழுக் கருமையோடு வருவது முதல் சில பத்துப் படிகள்தாம். நூறைத் தாண்டுவதற்குள் தேய்வு கண்ணுக்குத் தெரியத் தொடங்கிவிடும். எனவே மெசோடின்டைக் கையில் எடுத்தால் முகத்தை அப்புறம் பாருங்கள். முதலில் மேலங்கியின் மடிப்பு, தோளுக்குப் பின்னால் இருக்கும் நிழல், தலைமுடியின் அடியிருள் ஆகியவற்றைப் பாருங்கள். படத்தின் உண்மை நிலை அங்கேதான் எழுதியிருக்கிறது.

கையில் வேண்டியவை: 10 மடங்கு லூப் (உருப்பெருக்கிக் கண்ணாடி), சிறிய எல்இடி டார்ச், 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச், மில்லிமீட்டர் அளவுகோல், படத்துக்கு அடியில் விரிக்கச் சுத்தமான ஒற்றுத்தாள், கழுவி நன்றாக உலர்த்திய கைகள். இணையத்தில் வாங்குவதானால் விற்பவரிடம் நான்கு படங்கள் கேளுங்கள்: சட்டத்திலிருந்து கழற்றிய முழுத்தாள், பக்கவாட்டு வெளிச்சத்தில் ஓர் ஓரம், ஜன்னல் வெளிச்சத்தைப் பின்னால் வைத்து எடுத்தது, மிக இருண்ட பகுதியின் அண்மைப் படம். நான்கையும் தர மறுப்பவரிடம் பெரிய தொகைக்கு வாங்க வேண்டாம்.

அறிகுறி: கருப்பு கருப்பாக இல்லை, சாம்பல் பூத்திருக்கிறது

அதிகம் எதிர்ப்படும் கோளாறு இதுதான். அதிகம் தவறாக விளக்கப்படுவதும் இதுதான். "பழசு, வெயிலில் மை மங்கிவிட்டது" என்று விற்பவர் சொல்வார். அதை ஏற்க வேண்டாம். இந்தப் படங்களை அச்சிட்ட மை, கரித்தூளை ஆளிவிதை எண்ணெயில் குழைத்தது. கரி வெளிச்சத்தில் மங்காது. வெயிலால் தாள் பழுக்கும், கையால் பூசிய நிறம் வெளுக்கும், கரிமை அப்படியே இருக்கும். ஆகவே சாம்பலுக்கு வேறு காரணம் தேடியே ஆக வேண்டும்.

முதலில் கண்ணாடியை விலக்குங்கள். பழைய சட்டங்களில் கண்ணாடியின் உட்புறம் மெல்லிய மங்கல் படிந்திருக்கும். கழற்றிப் பார்த்ததுமே படம் இரண்டு மடங்கு கருத்துத் தெரிவது உண்டு.

அடுத்து, சாம்பல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். படம் முழுக்க ஒரே சீராக இருந்தால் பெரும்பாலும் தகட்டுத் தேய்வு. திட்டுத் திட்டாக, குறிப்பாக நடுவிலும் மூலைகளிலும் மடிப்பு ஓடும் இடங்களிலும் இருந்தால் உரசல். இப்போது லூப்பை இருண்ட பகுதியில் வையுங்கள். நல்ல படியில் மை தடித்து நிற்கும், புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே தாளின் வெண்மை ஏறக்குறையத் தெரியாது, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் வெல்வெட் துணியைப் பார்ப்பதுபோல் இருக்கும். தேய்ந்த படியில் புள்ளிகள் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். அவற்றுக்கிடையே வெள்ளை எட்டிப் பார்க்கும். ராக்கர் ஓடிய தடங்கள் சல்லடைபோல் வரிசை வரிசையாகத் தெரியும். உரசலிலோ புள்ளிகளின் அமைப்பு நெருக்கமாகவே இருக்கும். தாள் இழைகளின் முகட்டில் மட்டும் மை போய், பள்ளத்தில் மிஞ்சியிருக்கும். இழைகள் பஞ்சுபோல் எழும்பியும் இருக்கும். இந்த வேறுபாட்டைக் கண் ஒருமுறை பழகிவிட்டால் பிறகு தவறாது.

மூன்றாவது காரணம் பூஞ்சணம். தூசி பூத்தாற்போல் வெண்மையாக, சாய்ந்த வெளிச்சத்தில் மட்டும் தெரிகிற திட்டுகள். மக்கல் வாடையும் அடிக்கும். அதற்கான வழி கடைசியில் இருக்கிறது.

நான்காவது, திருத்தப்பட்ட தகடு. கருமை போன தகட்டை முதலாளி தூக்கி எறியமாட்டார். சில இடங்களில் மீண்டும் ராக்கர் ஓட்டுவார், பற்சக்கரம் உருட்டுவார், உளியால் கோடு போடுவார். இப்படி வந்த படி தொலைவிலிருந்து கருப்பாகவே தோன்றும். லூப்பில் பார்த்தால் நிழலுக்குள் கடினமான கோடுகள், ஒரு பகுதியின் மணல், அதாவது நுண்புள்ளிகளின் அமைப்பு, இன்னொன்றோடு பொருந்தாமை, கண்ணிமையும் உதடும் மரத்தில் செதுக்கியதுபோல் விறைத்திருத்தல் ஆகியவை வெளிப்படும். மென்மையாகத் தேய்ந்த படியைவிட முரட்டுத்தனமாகத் திருத்திய படி மோசம் என்பதே எங்கள் கருத்து. முன்னதில் கலைஞரின் கை இன்னும் மிச்சமிருக்கிறது.

லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகமும் நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரியும் தங்கள் மெசோடின்ட் தொகுப்புகளின் படங்களை இணையத்தில் வைத்திருக்கின்றன. அதே தகட்டின் படியைத் தேடி அருகருகே வைத்துப் பாருங்கள். கருமையின் அளவை ஒப்பிடாதீர்கள், ஒவ்வொருவரும் எடுக்கும் ஒளிப்படத்தில் அது மாறும். நிழலுக்குள் இருக்கும் பொத்தான், நாற்காலியின் கை, திரையின் மடிப்பு ஆகியவை உங்கள் படியில் இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். அவை கரைந்து போயிருந்தால் தேய்வு உறுதி.

தேய்ந்த படிக்கு மருந்து இல்லை. விலைதான் குறைய வேண்டும். அரிதாகக் கிடைக்கும் உருவமானால் குறைந்த விலையில் வாங்கி வைத்துக்கொண்டு நல்ல படிக்குக் காத்திருக்கலாம்.

ஒரு விலக்கு: தாமஸ் கோஃப் லப்டன் 1820-களின் தொடக்கத்தில் மென்மையான எஃகுத் தகட்டை வழக்கத்துக்குக் கொண்டுவந்தார். எஃகு தேய்வது மெதுவாக. ஆனால் அதன் தொனி இயல்பிலேயே நுண்ணியது, சற்றுக் குளிர்ந்த சாம்பல் சார்ந்தது. சாமுவேல் கசின்ஸின் எஃகுத் தகட்டுப் படத்தை 1760-களின் செம்புப் படத்தோடு ஒப்பிட்டுத் தேய்ந்தது என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

அறிகுறி: லூப்பில் மணல் சரியாக இல்லை

மெசோடின்டின் மணலுக்கு ஓர் அடையாளம் உண்டு. வெளிச்சமான பகுதியின் ஓரத்தில், அதாவது கன்னம் நிழலுக்குள் திரும்பும் இடத்தில், லூப்பை வையுங்கள். குட்டிக் கறுப்புப் புள்ளிகள் வரிசையாக, ஒன்றையொன்று வெட்டும் திசைகளில் நிற்கும். அதோடு சுரண்டியின் போக்கும் தெரியும். இதைக் காணவில்லையென்றால் வேறு எதைக் காண்கிறீர்கள் என்பதே விடை.

ஒரே இடைவெளியில், அளவில் மட்டும் மாறும் வட்டப் புள்ளிகளா? ஹாஃப்டோன், புத்தகத்தாள். நான்கு நிறப் புள்ளிகள் பூப்போல் கூடியிருக்கின்றனவா? ஆஃப்செட். சின்னச் சதுரங்களும் அவற்றைப் பிரிக்கும் வெள்ளை வலையுமா? இயந்திர கிராவியர். ஒழுங்கில்லாமல் தெறித்த நுண்துளிகளா? இங்க்ஜெட். இவையெல்லாம் பிற்கால இயந்திர அச்சுகள், பார்த்த மாத்திரத்தில் ஒதுக்கிவிடலாம்.

சிக்கல் கொடுப்பது கை ஃபோட்டோகிராவியர், அதாவது ஒளிப்படத்தைத் தகட்டில் பதித்துக் கையால் அச்சிடும் முறை. அதற்குத் தகடு உண்டு, தகட்டுத் தடம் உண்டு, மை தடித்தும் நிற்கும். ஆனால் அதன் மணல் பிசின் தூளிலிருந்து வந்தது. வெள்ளைத் தீவுகளைச் சுற்றிக் கறுப்பு வலை பின்னியதுபோல், ஒழுங்கற்று, எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கும். ராக்கரின் வரிசை இருக்காது. எழுத்தைப் பாருங்கள்: மூலப் படத்தில் எழுத்து உளியால் வெட்டியது, விளிம்பு கூர்மையாக நிற்கும். ஃபோட்டோகிராவியரில் எழுத்தையும் சேர்த்தே ஒளிப்படம் எடுத்திருந்தால் அதன் விளிம்பிலும் அதே பிசின் மணல் ஒட்டியிருக்கும்.

புள்ளிகள் மட்டுமே, அவையும் கையால் குத்தியவைபோல் பெரிதும் சிறிதுமாக, முகத்தின் வளைவைத் தொடர்ந்து போகின்றனவா? அது ஸ்டிப்பிள். 1770-களுக்குப் பிறகு லண்டனில் பார்த்தொலொத்ஸியால் பெரும் புகழ்பெற்ற முறை. போலியில்லை, நல்ல பொருளும்கூட. ஆனால் மெசோடின்ட் என்று சொல்லி விற்றால் பட்டியல் எழுதியவர் லூப்பே எடுக்கவில்லை என்று பொருள். அவர் சொல்லும் மற்றவற்றையும் ஒருமுறை சரிபாருங்கள்.

இன்னொரு பொறி, அசல் மெசோடின்டே ஆனால் காலம் வேறு. 1900-லிருந்து 1930 வரை ரெனால்ட்ஸ், ராம்னி போன்றோரின் ஓவியங்களைப் புதிதாக மெசோடின்டில் செதுக்கி, பல நிற மையை ஒரே தகட்டில் தடவி அச்சிட்டார்கள். ஓரத்தில் செதுக்கியவரின் பென்சில் கையொப்பம் இருக்கும். கீழ் மூலையில் லண்டன் பிரிண்ட்செல்லர்ஸ் அசோசியேஷனின் மையில்லா முத்திரை மேடிட்டு இருக்கலாம், விரலால் தடவாமல் சாய்ந்த வெளிச்சத்தில் தேடுங்கள். பென்சில் கையொப்பமே 18-ஆம் நூற்றாண்டு இல்லை என்பதற்குப் போதுமான சான்று. அழகானவைதாம், விலை அந்தக் காலத்துக்குரியதாக இருக்க வேண்டும், அவ்வளவே.

அறிகுறி: தாளும் தேதியும் ஒத்துப்போகவில்லை

தாளை வெளிச்சத்தின் முன் தூக்கிப் பிடியுங்கள். ஏறக்குறைய 25 மில்லிமீட்டருக்கு ஒன்றாக நீள வரிகளும், அவற்றுக்குக் குறுக்கே நெருக்கமான மெல்லிய வரிகளும் தெரிந்தால் அது கம்பிவரித் தாள், அதாவது லெய்ட். வரியே இல்லாமல் சீராக இருந்தால் வோவ். ஜேம்ஸ் வாட்மன் ஆலையில் வோவ் தாள் 1750-களில் பிறந்தாலும் அது பரவலானது 1790-களுக்குப் பின்தான். எனவே 1762 என்று எழுத்து சொல்லும் படம் வோவ் தாளில் இருந்தால், தகடு 1762, படி பல பத்தாண்டுகளுக்குப் பிந்தையது என்று கொள்ளுங்கள்.

நீர்க்குறியில் ஆண்டு இருந்தால் இன்னும் நல்லது. 1794-க்குப் பிறகு ஆங்கிலேயத் தாளில் ஆண்டு இடுவது வழக்கமாயிற்று. 'ஜே வாட்மன் 1801' என்று இருந்தால் அந்தப் படி 1801-க்கு முன்பு அச்சாகியிருக்க முடியாது. இதில் வாதத்துக்கு இடமில்லை. மறுபக்கம் மட்டும் கவனம்: கம்பிவரித் தாளாக இருப்பதாலேயே படி பழையதாகிவிடாது. அந்தத் தாளைப் பிற்காலத்திலும் செய்தார்கள்.

அறிகுறி: தகட்டுத் தடம் இல்லை, அல்லது ஓரம் மிகக் குறைவு

ஈரத்தாளில் தகட்டை அழுத்தும்போது அதன் விளிம்பு பதிந்து உண்டாகும் பள்ளம்தான் தகட்டுத் தடம். அது காணவில்லையென்றால் மூன்று சாத்தியங்கள்.

வெட்டியிருக்கலாம். 1769-இல் ஜேம்ஸ் கிரேஞ்சர் ஆங்கிலேய உருவப்படங்களை வகைப்படுத்தி நூல் வெளியிட்ட பிறகு, படங்களைத் தேடிப் பிடித்து, ஓரத்தை வெட்டி, ஆல்பத்திலும் புத்தகத்திலும் ஒட்டும் மோகம் பரவியது. அதனால் 18-ஆம் நூற்றாண்டின் முற்பாதிப் படங்கள், ஜான் ஸ்மித், இளைய ஜான் ஃபேபர் போன்ற செதுக்குநர்களுடையவை, நூலளவு ஓரத்தோடு கிடைத்தாலே நிறைவு கொள்ளலாம். தகட்டுத் தடத்தின்மேலேயே வெட்டியது மன்னிக்கத்தக்கது. படத்துக்குள்ளோ எழுத்துப் பகுதிக்குள்ளோ கத்தி போயிருந்தால் அது பெரிய ஊனம்.

அளந்து பாருங்கள். பெரும்பாலான அரை உருவப் படங்கள் ஏறக்குறைய 14-க்கு 10 அங்குலம், அதாவது 355-க்கு 250 மில்லிமீட்டர். ஈரத்தில் விரிந்த தாள் உலரும்போது சுருங்குவதால் பட்டியல் அளவிலிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் வேறுபடுவது இயல்பு. ஒரு பக்கம் மட்டும் 8 மில்லிமீட்டர் குறைந்தால் வெட்டு. நான்கு பக்கமும் ஒரே விகிதத்தில் 5 சதவீதம் சிறுத்திருந்தால் அது வேறு தகடு, அல்லது ஒளிப்பட நகல்.

தடம் தட்டையாகியிருக்கலாம். நீரில் கழுவி அழுத்தத்தில் உலர்த்தினாலும், அட்டையில் முழுக்க ஒட்டினாலும் பள்ளம் மறைந்துவிடும். மிக வெளுத்த, சலவை செய்த துணிபோன்ற தாளோடு இது சேர்ந்து வந்தால் ப்ளீச் போட்டிருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம்.

மூன்றாவதாக, தகடே இல்லாத அச்சாக இருக்கலாம். மேலே சொன்ன லூப் சோதனை முடிவு சொல்லும்.

இதற்கு எதிர்ப்பக்கக் கோளாறு, தடம் இருக்கிறது ஆனால் நம்பும்படி இல்லை. வெட்டிய படத்தைப் புதுத்தாளில் பதித்து, போலித் தடம் அழுத்தி, அகல ஓரம் உள்ளதாக விற்பதுண்டு. வெளிச்சத்தின் முன் பிடித்தால் இரண்டு தாள்களும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில் 2 மில்லிமீட்டர் இருண்ட பட்டை ஓடும். கம்பி வரிகள் அந்த இடத்தில் அறுந்துபோகும். அசல் தடத்தின் விளிம்பில் துடைத்தும் போகாத மைக் கறை லேசாக ஒட்டியிருப்பதும், மூலைகள் சற்று உருண்டிருப்பதும் வழக்கம்.

அறிகுறி: கீழே எழுத்து இல்லை, குறைகிறது, அல்லது குழப்புகிறது

எழுத்தைப் படிக்கக் கற்பது இந்தச் சேகரிப்பில் பாதிக் கல்வி. இடது ஓரத்துப் பெயருக்குப் பின் 'பிங்க்சிட்' என்று இருந்தால் அவர் ஓவியர். வலது ஓரத்தில் 'ஃபெகிட்' அல்லது 'ஸ்கல்ப்சிட்' என்றால் செதுக்கியவர். 'எக்ஸ்குடிட்' என்றால் வெளியிட்டவர். ஹோகார்த் முன்னின்று கொண்டுவந்த செதுக்கோவியப் பதிப்புரிமைச் சட்டம் 1735 ஜூன் 24 முதல் நடைமுறைக்கு வந்தது. உரிமை வேண்டுமானால் உரிமையாளரின் பெயரும் வெளியீட்டுத் தேதியும் தகட்டில் இருக்க வேண்டும். அதனால்தான் அதன் பிறகு வந்த படங்களில் நாள், மாதம், ஆண்டு, கடை முகவரி எல்லாம் கிடைக்கின்றன.

ஆனால் தேதி தகட்டின் பிறந்தநாள், படியின் பிறந்தநாள் இல்லை. தகடு கைமாறும்போது பழைய கடையின் பெயரைச் சுரண்டிப் புதியதை வெட்டுவார்கள். தேதியைப் பல நேரம் தொடவே மாட்டார்கள். முகவரி வரியில் லூப்பை ஓட்டுங்கள். அழிந்த எழுத்தின் மிச்சக் கால்கள், ஒரு சொல் மட்டும் கருத்துத் தெரிதல், எழுத்து வடிவம் மாறுதல் ஆகியவை கைமாற்றத்தின் தடயங்கள். ஃப்ளீட் தெரு 53-ஆம் எண் நல்ல எடுத்துக்காட்டு. அங்கே முதலில் கடை வைத்திருந்தவர் வெளியீட்டாளர் ராபர்ட் சேயர், 1794 முதல் லாரி அண்டு விட்டில். சேயரின் காலத்து உடை அணிந்தவரின் படத்தில் லாரி அண்டு விட்டிலின் பெயர் இருந்தால் அந்தப் படி 1794-க்கு முன்பு வந்ததே இல்லை.

இந்த மாற்றங்களைத்தான் 'ஸ்டேட்' என்பார்கள், தமிழில் நிலை எனலாம். ஜான் சலோனர் ஸ்மித் 1878 முதல் 1883 வரை வெளியிட்ட பட்டியல், செதுக்கியவர் பெயர் வரிசையில், அவருக்குள் உருவப்பட நாயகர் வரிசையில், ஒவ்வொரு தகட்டின் நிலைகளையும் விவரிக்கிறது. கடைப் பட்டியல்களில் 'சி.எஸ்.' என்ற எழுத்தும் எண்ணும் ரோமன் எண்ணும் வந்தால் அதையே சுட்டுகின்றன. 'பட்டியலில் இல்லாத நிலை' என்று யாராவது பெருமையாகச் சொன்னால், அது கண்டுபிடிப்பா, வெட்டும் அழிப்பும் செய்த வேலையா என்று பாருங்கள்.

எழுத்தே இல்லையென்றால்? எழுத்து வெட்டுவதற்கு முன் எடுத்த புரூஃப் (முன்படி) என்று விலையை ஏற்றுவார்கள். உண்மையான புரூஃப்பில் படத்துக்குக் கீழே, தகட்டுத் தடத்துக்குள்ளேயே, வெற்றிடம் இருக்கும். அங்கே மெல்லிய ஊசியால் கீறிய எழுத்தும் இருக்கலாம், அது கீறல் எழுத்துப் புரூஃப். வெற்றிடமே இல்லாமல் படத்தோடு தாள் முடிந்தால் அது வெறும் வெட்டு. இன்னொரு தந்திரம்: அச்சிடும்போது எழுத்தின் மேல் துண்டுத் தாள் வைத்து மறைப்பது. டார்ச்சைக் கிட்டத்தட்டத் தாளோடு படுக்க வைத்துப் பார்த்தால் மையில்லாத எழுத்துகளின் பள்ளம் மங்கலாகத் தெரியும். தாளிலிருந்தே எழுத்தைச் சுரண்டியிருந்தால், வெளிச்சத்தின் முன் பிடிக்கும்போது அந்தப் பட்டை மட்டும் மெலிந்து ஒளி கசியும். கீழ்ப் பகுதியை இந்த இரண்டு சோதனைகளுக்கும் உட்படுத்தாமல் புரூஃப் விலை கொடுக்காதீர்கள்.

அறிகுறி: இருளில் வெள்ளைக் கோடுகள்

மெசோடின்டின் மேற்பரப்பு பட்டாம்பூச்சி இறகுபோல. விரல் பட்டாலே பளபளப்பு மாறும். வெள்ளைக் கோட்டின் இரு கரையும் கூர்மையாக, நடுவில் மையே படாத சுத்தமான தாள் இருந்தால் அச்சிடும்போதே தாள் மடிந்திருக்கிறது. அது பிறவிக் குறி, விலையைக் கொஞ்சம்தான் பாதிக்கும். கரை கிழிந்து, மை செதில் செதிலாக உதிர்ந்திருந்தால் பிற்கால மடிப்பு. அது மேலும் உதிரும், தாளை வளைக்காதீர்கள்.

பல வெள்ளைக் கோடுகளைக் கறுப்பு நீர்வண்ணத்தாலோ மெழுகுப் பென்சிலாலோ நிரப்பியிருப்பார்கள். சாய்ந்த வெளிச்சத்தில் அந்த இடம் மட்டும் மினுங்கும் அல்லது மட்டமாகத் தெரியும். லூப்பில் மணல் இல்லாத தட்டைக் கருப்பாக இருக்கும். நேர்த்தியாகச் செய்த சிறு நிரப்பல் தவறில்லை. முகத்தில் செய்திருந்தால் வாங்குவதை மறுபடி யோசியுங்கள்.

அழிரப்பர், ரொட்டித்துண்டு, பஞ்சு, தூரிகை எதுவும் படப்பகுதியைத் தொடக்கூடாது. அழுக்கு ஓரத்தில் மட்டும், படத்திலிருந்து 5 மில்லிமீட்டர் தள்ளி, மென்மையான ரப்பர் தூளால் துடைக்கலாம். படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கவே கூடாது. இடையில் கண்ணாடித்தாள் வைத்தாலும், அடுக்கு நகரும்போது அந்தத் தாளே மையைத் தேய்க்கும். ஒவ்வொன்றுக்கும் தனி ஜன்னல் மவுண்ட், அதாவது நடுவில் திறப்பு வெட்டிய அட்டைச் சட்டம், போட்டுவிட்டால் படமுகத்தை எதுவும் தொடாது.

அறிகுறி: பழுப்பு

எங்கே, எந்த வடிவத்தில் என்பதே நோயைச் சொல்லும். படத்தைச் சுற்றிச் செவ்வகமாகப் பழுப்புக் கோடு ஓடினால் அமில மவுண்ட் அட்டையின் வெட்டு விளிம்பு சுட்டது. நேர்க்கோட்டுப் பட்டைகளாக, சில இடத்தில் கண் வடிவக் கறையோடு இருந்தால், சட்டத்தின் பின்னால் மரப்பலகை வைத்திருந்தார்கள்: பலகைகளின் இடுக்கும் மரத்தின் கணுவும் பதிந்திருக்கின்றன. சிதறிய புள்ளிகள் ஈரமும் தாளின் அசுத்தமும் சேர்ந்து வந்தவை. ஒட்டு டேப் விட்ட தேன்நிறக் கறை கிட்டத்தட்ட நிரந்தரம்.

நீங்கள் செய்யக்கூடியது: அமில அட்டையையும் பலகையையும் உடனே அகற்றுங்கள். பருத்தி இழையாலான, அமிலமற்ற மவுண்ட் அட்டைக்கு மாற்றுங்கள். மேல் ஓரத்தில் இரண்டே இடத்தில் ஜப்பானிய டிஷ்யூ தாளும் கோதுமைப் பசையும் கொண்டு தொங்கவிடுங்கள், நான்கு பக்கமும் ஒட்டினால் தாள் மூச்சுவிட முடியாமல் அலையலையாகும். கழுவுவது காகிதப் பாதுகாப்பு நிபுணரின் வேலை. வீட்டு ப்ளீச் தாளை ஒரு மாதம் வெளுப்பாக்கி, பல ஆண்டுகள் நொறுக்கும். ஓரத்தில் உள்ள லேசான புள்ளிகளை விட்டுவிடுவதே புத்திசாலித்தனம்.

கையால் நிறம் தீட்டிய படத்தில் வெண்மை இருக்க வேண்டிய இடம், முத்தோ லேஸோ, கறுத்திருந்தால் அது அழுக்கில்லை. ஈய வெள்ளை காற்றில் உள்ள கந்தகத்தோடு சேர்ந்து கறுத்தது. நிபுணரால் திருப்ப முடியும்.

அறிகுறி: அட்டையிலோ துணியிலோ கண்ணாடியிலோ ஒட்டியிருக்கிறது

அட்டையில் ஒட்டியது பழைய ஆல்பப் பழக்கம். அட்டை நன்றாக இருந்தால் அப்படியே விடுங்கள். பழுத்து நொறுங்கினால் நிபுணர் அட்டையைப் பின்பக்கமிருந்து அடுக்கடுக்காகச் சீவி எடுப்பார். படத்தை அட்டையிலிருந்து உரிக்கும் முயற்சி எப்போதும் படத்தைத்தான் கிழிக்கும். முழு உருவப் பெரிய படங்களைத் துணியில் ஒட்டி வார்னிஷ் பூசித் தொங்கவிட்ட காலமும் உண்டு. மஞ்சள் பளபளப்பு அதன் அடையாளம்.

கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் முதலில் அது விபத்தா, வேண்டுமென்றே செய்ததா என்று அறியுங்கள். 18-ஆம் நூற்றாண்டில் மெசோடின்டை முகம் கண்ணாடியில் படும்படி பிசினால் ஒட்டி, பின்பக்கத் தாளை ஈரமாக்கித் தேய்த்து எடுத்துவிட்டு, மை மட்டும் கண்ணாடியில் தங்க, பின்னாலிருந்து நிறம் தீட்டும் கலை இருந்தது. அப்படியானால் அதைப் பிரிக்கவே கூடாது, அது தனி வகைப் பொருள். ஈரத்தால் ஒட்டிய விபத்தானால் இழுக்க வேண்டாம், சூடு காட்ட வேண்டாம், கத்தி நுழைக்க வேண்டாம். கண்ணாடி அடியில் இருக்கும்படி படுக்க வைத்து, அப்படியே நிபுணரிடம் கொண்டுபோங்கள்.

அறிகுறி: பூஞ்சணம், பூச்சி

சென்னை, நாகை, யாழ்ப்பாணம் போன்ற கடற்கரை ஊர்களில் வைத்திருப்பவர்களுக்கு இதுவே முதல் எதிரி. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் பூஞ்சணம் எழும். 50 சதவீதத்தை ஒட்டி நிலையாக வைப்பதே இலக்கு. பகலில் ஏசி, இரவில் நிறுத்தம் என்று ஏற்றி இறக்கினால் தாள் விரிந்து சுருங்கி மை தளரும். மெதுவாக மாறும் ஈரத்தைத் தாள் ஓரளவு பொறுக்கும். வெளிச்சுவரில் மாட்ட வேண்டாம். உட்சுவரிலும் சட்டத்தின் பின் நான்கு மூலைகளில் 5 மில்லிமீட்டர் கார்க் துண்டு ஒட்டிக் காற்றோட்டம் விடுங்கள். கண்ணாடிக்கும் படத்துக்கும் இடையே மவுண்ட் அட்டையின் கனமாவது இடைவெளி கட்டாயம்.

ராமபாணப் பூச்சி தாளில் உள்ள பசைக்காக மேற்பரப்பைச் சுரண்டும். ஓரம் பொரிந்ததுபோல் மெலிந்திருந்தால் அதுதான். வேப்பிலையும் கற்பூரமும் நாப்தலீன் உருண்டையும் வேண்டாம். இலை கறை விடும், உருண்டையின் ஆவி படத்தில் படியும். அலமாரியைச் சுத்தமாக வைத்து, மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள்.

பூஞ்சணம் கண்டால்: முகக்கவசமும் கையுறையும் அணியுங்கள். அந்தப் படத்தை மற்றவற்றிலிருந்து பிரியுங்கள். சட்டத்தைக் கழற்றி, பழைய அட்டையைப் பையில் கட்டி எறியுங்கள். படத்தை நிழலான, உலர்ந்த அறையில் ஒற்றுத்தாளின் மேல் முகம் மேலாக வைத்து, நேரடிக் காற்று படாமல் இரண்டு மூன்று நாள் விடுங்கள். வெயிலில் காட்டாதீர்கள். உலர்ந்ததும் பூஞ்சணம் தூளாகும். ஓரத்திலும் முதுகுப் பக்கத்திலும் உள்ள தூளை மென்தூரிகையால் வெற்றிட உறிஞ்சியின் வாயை நோக்கித் தள்ளலாம். படத்தின் மேல் உள்ளதை நீங்கள் தொட வேண்டாம். ஈரமாக இருக்கும்போது தேய்த்தால் பூஞ்சணத்தோடு மையும் சேர்ந்து வந்துவிடும்.